அசிலும் அசலும்

சந்தையில் ஒரு குஞ்சு வாங்கினேன். விற்றவர் சத்தியம் பண்ணாத குறை. "அசில் குஞ்சுங்க. தாயும் அசில், தகப்பனும் அசில்." கூடையில் கிடந்த மற்றவற்றைவிட அதற்குக் கால் நீளம். அந்தக் காலைப் பார்த்தே ஏமாந்தேன். இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்த மாமா அதைத் தூக்கினார். உடம்பைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. தலையில் பெருவிரலை வைத்து ஒரு தேய்ப்பு. "மாப்ள, பூவைப் பாரு, ரம்பம் மாதிரி நிக்குது. இது அசில் இல்ல, ஏதோ அசலூர்க் கோழி."

பூ என்றால் கொண்டை. சேவல் வளர்ப்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் கோழியை விட்டுவிட்டு அவர் சொன்ன இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டேன்: அசில், அசலூர்.

அசில் அரபுச் சொல். அரபியில் 'அஸ்ல்' என்றால் வேர், மூலம். அதிலிருந்து பிறந்த 'அஸீல்', நல்ல வேரில் வந்தது, குலம் கலங்காதது என்று பொருள்படும். அரேபியக் குதிரைக்கும் இதே அடைமொழி உண்டு. பாரசீகம், உருது வழியாக இந்தியாவுக்குள் வந்த சொல், சண்டைச் சேவலின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்த 'அஸ்ல்' தனியாகவும் நம்மிடம் வந்திருக்கிறது. "வட்டி கட்டியே மாளலே, அசல் அப்படியே நிக்குது" என்கிறோமே, அந்த அசல்தான். பத்திரத்தின் அசல், நகல் என்பதும் அதுவே. ஆக, கடன்காரரின் அசலும் களத்துச் சேவலின் அசிலும் ஒரு வேரில் கிளைத்த உடன்பிறப்புகள். (தாசில்தாரின் தாசிலையும் இதோடு சேர்க்க ஆசையாக இருக்கும். சேர்க்கக் கூடாது. ஓசைதான் ஒன்று, அதன் அரபு வேர் வேறு.)

மாமா சொன்ன அசலூரில் இருப்பதோ சுத்தத் தமிழ் அசல். உயிர் உசிர் ஆனதுபோல, முயல் முசல் ஆனதுபோல, அயல் அசல் ஆயிற்று. அண்டை அசல், அசலூர், அசலார் எல்லாம் இந்த வகை. ஓர் அசல் 'தன் வேர்' என்கிறது, மற்றோர் அசல் 'அந்நியம்' என்கிறது. இரண்டும் ஒரே எழுத்தில் ஒரே வாயில் புழங்கியும் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

உலகத்தில் பெரும்பாலான கோழிகளுக்கு ஊர்ப்பெயர்தான். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தை ஆங்கிலேயர் லெகார்ன் என்றார்கள். நம் முட்டைப் பண்ணை வெள்ளைக்கோழிக்கு அந்தப் பெயர். கொச்சின் என்று ஒன்று உண்டு. நம் கொச்சிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அது சீனத்திலிருந்து போன கோழி. அசிலுக்கு மட்டும் ஊர் கிடையாது. பெயரே 'நான் கலப்பில்லை' என்று மார்தட்டுகிறது. பெயரில் இத்தனை வீறாப்பு இருப்பதால்தான் சந்தையில் எல்லாக் குஞ்சும் அசிலாகிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

பெயரை நம்ப முடியாதபோது கண்ணைத்தான் நம்ப வேண்டும். அசிலின் பூ தலையோடு படிந்திருக்கும். மூன்று வரிசையாகச் சின்னச் சின்ன முண்டு, பட்டாணி அடுக்கினாற்போல. தாடி தொங்காது, இருந்தாலும் பெயருக்குத்தான். சண்டையில் எதிராளி கவ்விப் பிடிக்க முகத்தில் எதையும் விட்டுவைக்காத அமைப்பு. இந்தப் பட்டாணிப் பூ வழிவழியாக எப்படி இறங்குகிறது என்பதை 1900களின் தொடக்கத்திலேயே பேட்சன் என்ற ஆங்கிலேயர் கோழிகளை இணைசேர்த்துக் காட்டினார். தாயும் தகப்பனும் கலப்பில்லாத பட்டாணிப் பூவாக இருந்தால் குஞ்சுக்கு ரம்பப் பூ முளைக்காது. மாமா பேட்சனைப் படித்ததில்லை, பெருவிரல் போதுமாக இருந்தது.

பூவுக்கு அடுத்தபடி நிலை. கழுத்து நீண்டு, மார்பு விரிந்து, நிமிர்ந்து நிற்கும். இறகு உடம்போடு ஒட்டி இறுகியிருக்கும். கையில் எடுத்தால் பார்த்ததைவிடக் கனக்கும். வளர்ந்த சேவல் நாலைந்து கிலோ. நிறத்தை வைத்து மட்டும் அசில் என்று சொல்லிவிட முடியாது. காகம், வல்லூறு, மயில் என்று சேவல்காரர்கள் சொல்வதெல்லாம் நிறத்தைக் குறிக்கும் பெயர்கள். ஆந்திரப் பக்கத்தில் நிறங்களைப் பீலா, யாகூப், நூரி என்பார்கள். நம் ஊரில் இந்தப் பெருத்த சாதிக்குப் பெருவிடை என்றும் பெயர். வீட்டுக் கொல்லையில் மேயும் சின்னது சிறுவிடை. முட்டைக்கு வராத இளங்கோழியை 'வெடைக்கோழி' என்கிறோமே, அந்த விடைதான் இதுவும் என்று எனக்குத் தோன்றுகிறது. திண்டுக்கல் பக்கம் கண்காட்சிக்கு வரும் கிளிமூக்கு விசிறிவால் என்ற அசில் வகைக்குப் பெயரே அடையாளம்: மூக்கைப் பார், வாலைப் பார்.

'கலப்பில்லாதது' கடல் கடந்ததும் கலந்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் அசிலோடு அந்நாட்டுச் சண்டைக்கோழியைச் சேர்த்தார்கள். களத்துக்கு ஆகும் என்று வளர்த்தது, மார்புக்கறி பெருத்துக் கால் குட்டையாகி, சண்டைக்கு உதவாமல் போயிற்று. அங்கே அதன் பெயர் இன்றும் 'இந்தியன் கேம்'. அமெரிக்கர்கள் மட்டும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவைக் கழற்றிவிட்டுக் கார்னிஷ் என்றார்கள். 1948இல் அங்கே நடந்த 'நாளைய கோழி' என்ற போட்டியில் கார்னிஷ் கலப்புக்குத்தான் முதலிடம். இன்றைய பிராய்லரின் தகப்பன் வழி அந்தக் கார்னிஷ்தான்.

எங்கள் தெருக் கறிக்கடைப் பலகையில் மேல் வரி 'நாட்டுக்கோழி', கீழ் வரி 'பாய்லர்'. கீழ் வரிக்காரனின் பாட்டன் யார் என்று மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் பூவைக் காட்டச் சொல்வார். கடைக்காரர் தலையைத்தான் முதலில் வெட்டிப் போடுகிறார்.