அலுவிகாரை வீதியும் சர்வரோக நிவாரணிகளும்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியில், ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவில், கரும்பாறைகளின் நடுவே குகைகளோடு அமைந்துள்ளது அலுவிகாரை. கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வலகம்பா என வழங்கும் வட்டகாமினி அபயன் காலத்தில், அதுவரை வாய்வழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம் ஈண்டுதான் ஓலையில் எழுதப்பெற்றது என்பது பௌத்த மரபு. பஞ்சமும் படையெடுப்பும் நாட்டை வாட்டிய காலம் அது. ஓதுவார் மாண்டால் ஓதப்படுவதும் மாளும் என்னும் அச்சமே ஏட்டையும் எழுத்தாணியையும் எடுக்கச் செய்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பாறைகளின் அருகாகச் சென்ற வீதி வேறொரு மக்கட்கூட்டத்தைக் கண்டது. 1830களில் மலைநாட்டிற் கோப்பித்தோட்டங்கள் பெருகத் தொடங்கியதும், இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கங்காணிமாரின் பின்னே திரண்டு வந்தனர். பாம்பனிலிருந்து கடல் கடந்து மன்னாரில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல் காடும் வறள்நிலமுமாகிய வழியை அவர்கள் கால்நடையாகவே கடந்தனர். குளத்து நீரே அவர்தம் குடிநீர். அந்நீரோடு வாந்திபேதியும் வந்தது. 1841 முதல் 1849 வரையிலான ஆண்டுகளில் 70,000 பேர் வரை மாண்டிருக்கலாமெனக் கொழும்பு 'ஒப்சேவர்' பத்திரிகை 1849 இல் கணக்கிட்டு எழுதியது. இத்தொகை மிகையென்பாரும் உளர். எனினும், அதன் ஆசிரியரான கிறிஸ்தோபர் எலியற் தாமே ஒரு மருத்துவர் என்பது நோக்கற்பாலது. மாத்தளை நகரில் முத்துமாரியம்மன் வழிபாடு வேரூன்றியதற்கும் இவ்வழிநடையின் துயருக்கும் தொடர்பில்லை எனல் அரிது.

அத்தொழிலாளர் நோயுற்றால் யாரிடம் செல்வர்? தோட்டப்பகுதிகளை மருத்துவ வட்டாரங்களாகப் பகுத்து, தொழிலாளரின் மருத்துவத் தேவைகளைக் கவனிக்க வகைசெய்த கட்டளைச் சட்டம் 1872 ஆம் ஆண்டிலேதான் பிறந்தது. அதற்கு முன்னும், அதன் பின்னர் நெடுங்காலமும், பல தோட்டங்களில் துரையின் மருந்துப்பெட்டியே மருத்துவசாலை. கொயினா, ஆமணக்கெண்ணெய், பேதியுப்பு என்பவற்றுடன், விக்ரோறியா மகாராணியார் காலத்து இங்கிலாந்தில் பெருவாணிகமாக வளர்ந்த 'பேற்றன்ற்' மருந்துகளும் அத்தகைய பெட்டிகளில் இடம்பெற்றன.

'பேற்றன்ற்' என்னும் பெயரே ஒரு மயக்கம். உண்மையான காப்புரிமை பெறுபவர் தாம் கண்டதன் விவரத்தை அரசுக்கு எழுதிக் கொடுத்தல் வேண்டும். இம்மருந்து வாணிகரோ சேர்மானத்தை மறைப்பதிலேயே தம் செல்வம் இருப்பதை அறிந்தவர். அவர்கள் பெற்றது 1783 இல் விதிக்கப்பட்ட மருந்து வரிக்கான அரச முத்திரையே. வரி செலுத்தியமைக்கு அடையாளமான அம்முத்திரையை, அரசே மருந்துக்கு அளித்த நற்சான்றென மக்கள் கருதினர். வாணிகரும் அக்கருத்தை மாற்ற முயன்றாரல்லர்.

இத்துறையின் பேரரசர் தோமஸ் ஹொலோவே என்பார். 1837 இல் களிம்பொன்றோடு தொடங்கிய இவர், பின்னர் மாத்திரைகளையும் விற்று, விளம்பரத்திற்கு மட்டும் ஆண்டுக்கு 50,000 பவுண் வரை செலவிட்டார். இந்திய மொழிகள் உட்படப் பல மொழிகளில் மருந்துண்ணும் முறையை அச்சிட்டு உலகெங்கும் பரப்பினார். ஈட்டிய பொருளில் ஒரு பகுதி மனநோயாளர்க்கான மருத்துவமனையாகவும், 1886 இல் மகாராணியாரே திறந்துவைத்த பெண்கள் கல்லூரியாகவும் உருப்பெற்றது. கல்லூரி நல்ல கல்லூரியே. மாத்திரைதான் பெரும்பாலும் கரியபோளம், இஞ்சி முதலியவற்றாலாய எளிய பேதி மருந்து.

எனினும், வாந்திபேதி நடமாடிய நாடுகளில் ஹொலோவேயினும் பெரும்புகழ் பெற்றது 'குளோரடைன்'. இதனை ஆக்கிய ஜோன் கொலிஸ் பிரவுண் 1848 இல் இந்தியாவிற் பணியாற்றிய படைமருத்துவர். அபினிச் சத்தாகிய மோர்பியா, குளோரபோம், கஞ்சாச் சாரம் என்பன இதன் உயிர்நிலை. 1856 முதல் டெவன்போட் என்பார் இதனை விற்றனர். பிறரும் அப்பெயரில் மருந்து விற்கத் தொடங்கவே, 1864 இல் வழக்கு எழுந்தது. பிரவுணே இதனைக் கண்டவர் என நீதிபதி பேஜ் வூட் கூறிய கருத்து, பின்னர்ப் பல்லாண்டுகள் விளம்பரங்களில் அச்சேறியது. மணிலாவில் வாந்திபேதி பரவியபோது குளோரடைன் ஒன்றே பயன் தந்ததென அங்கிருந்த பிரித்தானியத் தூதுவர் அறிவித்த செய்தி, ரசல் பிரபு வாயிலாக மருத்துவக் கல்லூரியை எட்டி, அதே ஆண்டு 'லான்செற்' இதழிலும் இடம்பெற்றது. அதுவும் விளம்பரமாயிற்று. இருமல், ஈளை, வயிற்றோட்டம், வாதம், நரம்புவலி, இசிவு யாவற்றுக்கும் அப்புட்டி ஒன்றே போதும் என்றனர். நீதிமன்றமும் அமைச்சரும் மருத்துவ இதழும் ஒருசேரச் சான்று பகர்வதுபோலத் தோன்றிய மருந்தை நம்பிய தோட்டத்துரையைக் குறைகூறிப் பயனென்ன?

அம்மருந்து பயனற்றது என்பதுமன்று. மோர்பியா வலியைத் தணிக்கும், குடலின் இயக்கத்தை மந்தமாக்கும், நோயாளி அமைதியுறுவான். காண்போர்க்கு இது குணமாகவே தோன்றும். ஆனால் வாந்திபேதி கொல்வது வலியாலன்று. உடலின் நீரும் உப்பும் சில மணி நேரத்திற்குள் வெளியேறுவதாலேயே. அவ்விழப்பை ஈடுசெய்யும் ஆற்றல் குளோரடைனில் ஒரு துளியும் இல்லை. வேதனை குறைந்தவனாய் அவன் மாண்டான் எனலாம். பிழைத்தவர்களோ மருந்தின் புகழைப் பரப்பினர்.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. நோயாளியின் குருதியில் நீரும் உப்பும் குன்றுவதை, குளோரடைன் தோன்றுவதற்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டு முன்னரே, இங்கிலாந்திற் பரவிய கொள்ளைநோயின்போது வில்லியம் ஓஷோனசி என்ற இளம் மருத்துவர் ஆராய்ந்து வெளியிட்டார். அதனைப் படித்த தோமஸ் லாற்றா 1832 இல் ஸ்கொத்லாந்தின் லீத் நகரில் உப்புநீரை நரம்பு வழியே செலுத்தி, இறக்கும் தறுவாயிலிருந்த சிலரை மீட்டார். நுண்ணுயிர் பற்றிய அறிவு அன்று இல்லை. நீரைத் தூய்மை செய்யவோ, தொடர்ந்து செலுத்தவோ அறியார். ஆதலால் பலர் இறக்க, அம்முறை கைவிடப்பட்டது. ஓஷோனசியோ கல்கத்தா சென்று, மருத்துவக் கல்லூரியிற் பேராசிரியராகி, 1839 இல் கஞ்சாவின் மருத்துவக் குணங்களை மேனாட்டார்க்கு அறிமுகம் செய்தார். அவர் கண்ட இரண்டினுள் உயிர்காக்கும் உண்மை நூலகத்தில் உறங்கியது. மற்றையது குளோரடைன் புட்டியிற் புகுந்து அலுவிகாரை வீதி வரை வந்தது.

மறைபொருளாயிருந்த மருந்துகளுள் மெய்யான பயனுடையனவும் இருந்தன. காய்ச்சலுக்கு இந்தியப் படையினர் பெரிதும் நம்பிய வார்பேக் கசாயம் அத்தகையது. 1875 இல் அதன் சேர்மானம் வெளியானபோது, பல பொருள்களுக்கிடையே கொயினாவே தொழிற்பட்டதென விளங்கிற்று.

நம் நாட்டு வைத்தியர்கள் இக்குறைக்கு விலக்கானவர் அல்லர். பரம்பரை இரகசியமென ஏட்டைப் பூட்டிவைத்து, மகனுக்கும் சொல்லாது மறைந்தோர் பலர். இந்நிலையில், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசனைச் சார்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் செய்த தொண்டு தனித்து நிற்கின்றது. 1847 இல் ஈழம் வந்த அவர், 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கலானார். 'இரண வைத்தியம்', 'வைத்தியாகரம்' முதலிய தமிழ் நூல்களை மாணாக்கர் துணையோடு வெளியிட்டார். மருந்தின் பெயர், அளவு, தீங்கு யாவும் தமிழறிந்த எவரும் காணுமாறு அச்சில் வந்தன. அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்றனர். எனினும் மாத்தளைத் தோட்டங்களின் லயங்களை எட்டியது கிறீனின் நூலன்று; புட்டியே.

இங்கிலாந்தில் இவ்வாணிகத்தின் திரையைப் பிரித்தானிய மருத்துவச் சங்கம் 1909 இல் நீக்கியது. பல மருந்துகளைப் பகுத்தாய்ந்து அச்சங்கம் வெளியிட்ட நூலின்படி, ஒரு ஷிலிங் ஒன்றரைப் பென்சுக்கு விற்ற பீச்சம் மாத்திரைப் பெட்டியில் அடங்கிய 56 மாத்திரைகளும் கரியபோளம், இஞ்சி, சவர்க்காரம் என்பவற்றாலானவை. அவற்றின் அடக்கவிலை அரைப் பாதிங். விற்பனை விலையோ அதனைப்போல் நூற்றெட்டு மடங்கு. பாராளுமன்றக் குழுவொன்றும் விரிவாக ஆராய்ந்தது. அதன் அறிக்கை 1914 ஓகஸ்ற் 4 ஆம் நாள், ஜேர்மனியோடு போர் மூண்ட அதே நாளில் வெளிவந்து, கேட்பாரின்றிக் கிடந்தது.

தொழிலாளரை வாந்திபேதியிலிருந்து ஓரளவு காத்தது எந்தப் புட்டியுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வடபாதை அவர்களுக்கு மூடப்பட்டதும், குடிநீரும் நோய்த்தடுப்பு முகாம்களும் கவனம் பெற்றதுமே அதனைச் செய்தன.

லாற்றா தொட்டுவிட்ட உண்மை முழுமை பெற மேலும் பல்லாண்டுகள் சென்றன. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாயாற் பருகினாலே போதும் என்பதை 1968 இல் டாக்காவில் நிகழ்ந்த ஆராய்ச்சி உறுதிசெய்தது. 1971 இல் வங்காள அகதிகள் எல்லை நகராகிய பொன்காவில் குவிந்து வாந்திபேதியால் மடிந்தபோது, மருத்துவர் திலீப் மகலனபிஸ் அந்நீரைப் பீப்பாய்களில் நிறைத்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் பருகச் செய்தார். முப்பது விழுக்காடளவில் இருந்த இறப்பு நான்கு விழுக்காட்டிற்கும் கீழே இறங்கிற்று. ஒரு லீற்றர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, மூன்றரைக் கிராம் உப்பு, இரண்டரைக் கிராம் சோடாவுப்பு என்பதே அதன் சேர்மானம். எவரும் வீட்டில் ஆக்கிக்கொள்ளுமாறு அதன் செய்முறை துண்டுப்பிரசுரமாக அச்சிடப்பட்டது. வங்காள விடுதலைப் போராளிகளின் மறைவான வானொலியிலும் வாசிக்கப்பட்டது.