முன்னாள் படைவீரர் மருத்துவ நலம்: தரம், பலன், செலவு பற்றிய ஆய்வு

படையிலிருந்து ஓய்வுபெற்றவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் எத்தகைய மருத்துவம் கிடைக்கிறது, அதனால் நோய் எவ்வளவு தீர்கிறது, அதற்கு யார் எவ்வளவு செலவிடுகிறார்கள் என்பவற்றை ஆராயும் துறை. அமெரிக்காவில் இது பல்லாண்டு மரபுள்ள தனித் துறை. இந்தியாவில் தணிக்கை அறிக்கைகளிலும் நாடாளுமன்றக் குழுக்களின் பரிந்துரைகளிலும் படைமருத்துவ இதழ்க் கட்டுரைகளிலும் சிதறிக் கிடக்கிறது. இக்கட்டுரை காஞ்சிபுரம் மாவட்டத்தை, அதிலும் உத்திரமேரூர் வட்டாரத்தை முன்னிறுத்தி அதன் வரலாற்றைத் தொகுக்கிறது.

பழங்காலம்

தமிழகத்தில் போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுப்பதும் அவன் வழியினருக்கு நிலம் விடுவதும் வழக்கமாக இருந்தன. அந்நிலம் கல்வெட்டுகளில் உதிரப்பட்டி எனப்படுகிறது. இது பெரும்பாலும் இறந்தவனின் குடும்பத்துக்கு அளித்த கொடையாகவே தெரிகிறது. காயம்பட்டுப் பிழைத்தவனின் மருத்துவத்தைப் பற்றி இக்கொடைகள் பேசுவதில்லை.

திருமுக்கூடல் ஆதுலர்சாலை

மருத்துவச் செலவை வரிக்கு வரி எழுதிவைத்த ஆவணங்களுள் தமிழகத்தில் தலைசிறந்த ஒன்று உத்திரமேரூர் வட்டாரத்திலேயே உள்ளது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில், பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில், திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் உள்ள வீரராசேந்திர சோழனின் (ஆட்சி 1063–1070) நெடிய கல்வெட்டு 1915-இல் கல்வெட்டுத் துறையால் பதிவு செய்யப்பட்டது. கே. வி. சுப்பிரமணிய ஐயர் அதை விரிவான விளக்கத்துடன் எபிகிராபியா இண்டிகாவின் 21-ஆம் தொகுதியில் பதிப்பித்தார். கல்வெட்டின் ஆண்டை 1067, 1068, 1069 எனப் பலரும் பலவாறு குறிக்கிறார்கள். அரசன் முடிசூடிய நாளை எங்கிருந்து கணக்கிடுவது என்பதைப் பொறுத்து இவ்வேறுபாடு எழுகிறது.

கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி முழுவதும் போர். கூடல் சங்கமத்தில் சாளுக்கியரை வென்றது முதல் பல வெற்றிகள் அதில் அடுக்கப்படுகின்றன. அது முடிந்ததும் கோயில் வரவுசெலவு தொடங்குகிறது. வயலைக்காவூரிலிருந்து கோயிலுக்கு வரும் வருவாயை இன்னின்ன செலவுக்கு என்று பிரிக்கிறார்கள். அப்பட்டியலில் சனநாத மண்டபத்தில் நடந்த வேதபாடசாலையும், மாணவர் விடுதியும், வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலர்சாலையும் இடம்பெறுகின்றன. ஆதுலர் என்றால் பிணியாளர்.

படுக்கை 15. ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்கு அரிசி ஒரு நாழி. ஆலப்பாக்கத்தைச் சேர்ந்த சவர்ணன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் மருத்துவர். அவருக்கு ஆண்டுக்கு நெல் 90 கலம், காசு 8, அதோடு மருத்துவக் காணியாக நிலமும் உண்டு. சல்லியக் கிரியை, அதாவது அறுவை செய்பவருக்கு நெல் 30 கலம். மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து செய்யும் இருவருக்குச் சேர்த்து நெல் 60 கலம், காசு 2. நோயாளிகளைக் கவனித்து மருந்தூட்டும் பெண்கள் இருவருக்குச் சேர்த்து நெல் 30 கலம், காசு 1. நாவிதரும் தண்ணீர் கொண்டு வருபவரும் தனியே குறிக்கப்படுகின்றனர். இரவெல்லாம் எரியும் விளக்கு ஒன்றின் எண்ணெய்க்குக் காசு இரண்டே கால். ஓராண்டு மருந்துக்குக் காசு 40.

மருத்துவருக்கும் மருந்து செய்வோருக்கும் பெண்களுக்கும் தரும் காசைக் கூட்டினால் 11 வருகிறது. மருந்துக்கு ஒதுக்கியது அதைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். ஊதியத்தின் பெரும்பகுதி நெல்லாகச் சென்றது என்பதை நினைவில் கொண்டாலும், மருந்து தீர்ந்துவிடக் கூடாது என்பதில் இச்சாலையை ஏற்படுத்தியவர்கள் கருத்தாக இருந்தது தெளிவு. ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்ப் பட்டியலும் கல்லில் உள்ளது: வாசாஅரீதகி, தசமூலஅரீதகி, பல்லாதகஅரீதகி, பலாகேரண்ட தைலம், பஞ்சாக தைலம், மண்டூகரவடிகம், விமலை, சுநேத்திரி, கல்யாணலவணம், பழைய நெய் என்று ஏறத்தாழ இருபது. இவற்றின் அளவும் குறிக்கப்பட்டிருக்கிறது. மாணவர்களின் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குக்கூடத் தனியாக எண்ணெய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நோய் வருமுன் காப்பதற்கும் அறக்கட்டளையில் இடம் இருந்ததற்கு இதைச் சான்றாகக் கொள்ளலாம்.

அறுவை செய்பவருக்கு மருத்துவர் பெற்ற நெல்லில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது. இதை வைத்து அக்கால அறுவை மருத்துவத்தின் மதிப்பு குறைந்திருந்தது என்பார் உண்டு. சிறிய சாலையில் அறுவை அடிக்கடி தேவைப்படாததால் அவர் பகுதிநேரமாகப் பணியாற்றியிருக்கலாம் என்றும் கொள்ளலாம். சாலையில் யார் யாருக்கு மருத்துவம் என்பதும் முற்றும் தீர்ந்த கேள்வியன்று. மாணவர்களும் கோயில் பணியாளரும் பயன்பெற்றது தெரிகிறது. ஊராரும் வழிப்போக்கரும் சேர்க்கப்பட்டனரா என்பதை ஆய்வாளர்கள் வெவ்வேறாக ஊகிக்கின்றனர். எப்படியாயினும், போர் வெற்றிகளைப் பாடிவிட்டு மருத்துவச் செலவைச் சொல்லும் இக்கல்வெட்டில் போர்வீரர்க்கென்று ஒரு படுக்கையும் ஒதுக்கப்படவில்லை. தஞ்சையில் குந்தவைப் பிராட்டி நிலம் அளித்த சுந்தர சோழ விண்ணகர் ஆதுலர்சாலையும் இவ்வாறே கோயில் சார்ந்தது.

விசயநகர, நாயக்கர் காலங்கள்

இக்காலப் படைவீரரின் மருத்துவச் செலவு பற்றித் திருமுக்கூடலுக்கு ஈடான ஆவணம் எதுவும் இவ்வட்டாரத்திலிருந்து அறியப்படவில்லை.

கம்பெனிப் படை

1763-இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற செங்கற்பட்டு சாகீரில் இன்றைய காஞ்சிபுரம் மாவட்டப் பகுதிகள் அடங்கின. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஐதர் அலியும் திப்புவும் முறியடித்தார்கள். பிழைத்தவர்களுள் பலர் காயங்களுடன் சிறைப்பட்டுச் சீரங்கப்பட்டணம் கொண்டு செல்லப்பட்டனர். அடுத்த ஆண்டும் அங்கே போர் நடந்தது. மாண்ட ஆங்கில அதிகாரிகளுக்கு எழுப்பிய நினைவுத் தூண்கள் வயல்வெளியில் இன்றும் நிற்கின்றன. அதே போர்களில் கம்பெனிக்காகப் போரிட்ட தமிழ், தெலுங்குச் சிப்பாய்களுக்கு அங்கே தூண் இல்லை.

ஓய்வூதிய ஏற்பாட்டிலும் இதே ஏற்றத்தாழ்வு. மீர் சாபரின் கொடையாக வந்த ஐந்து இலட்சம் ரூபாயை முதலாக வைத்து ராபர்ட் கிளைவ் 1770-இல் ஒரு நிதியை ஏற்படுத்தினார். உடல் தளர்ந்த ஐரோப்பிய அதிகாரிகளுக்கும் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும், அவர்களின் கைம்பெண்களுக்கும் உரியது அது. நோயுற்ற ஐரோப்பியப் படையினர் உடல்தேறும் இடமாகப் பூந்தமல்லி நெடுங்காலம் இருந்தது.

படையினரின் நோயைப் புள்ளிவிவரமாக எண்ணும் பழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சென்னையில் வேரூன்றியது. சென்னைப் படையின் மருத்துவரும் சென்னை அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளருமான எட்வர்ட் பால்ஃபர், படைகள் தங்கும் இடத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதினார். 1859-இல் அமர்த்தப்பட்ட அரச ஆணையம் இந்தியப் படைகளின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1863-இல் அறிக்கை தந்தது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் படைத்தளங்களுக்குக் கேள்விப் பட்டியல் அனுப்பி, வந்த விடைகளைத் தொகுத்து அதில் தம் குறிப்புகளைச் சேர்த்தார். ஐரோப்பியச் சிப்பாய்கள் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 69 பேர் இறந்தனர் என்ற கணக்கு அவ்வறிக்கையால் பரவலாக அறியப்பட்டது. குடிநீர், கழிவுநீர், நெருக்கமான குடியிருப்பு ஆகியவையே பெரும்பாலான சாவுக்குக் காரணம் என்று அது காட்டியது. தொடர்ந்து 1864-இல் சென்னை மாகாணத்தில் சுகாதார ஆணையம் அமைந்தது. எனினும் எண்ணப்பட்டவர்கள் பணியில் இருந்தவர்கள். ஓய்வுபெற்று ஊர் திரும்பிய சிப்பாய் கணக்கிலிருந்து வெளியேறிவிடுவார்.

இரு உலகப் போர்கள்

முதல் உலகப் போரில் உறுப்பிழந்த இந்தியர்களுக்குத் தொழில் கற்பிக்க 1917-இல் பம்பாயில் குயின் மேரி தொழிற்பள்ளி தொடங்கப்பட்டது; பின்னர் அது புணே அருகே உள்ள கிர்க்கிக்கு மாற்றப்பட்டது. 1919-இல் இந்தியப் படைவீரர் வாரியம் உருவானது. காஞ்சிபுரத்தை அடுத்த வடஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து இரு போர்களுக்கும் ஏராளமானோர் சென்றனர்.

விடுதலைக்குப் பின்

1949 முதல் டிசம்பர் 7 கொடிநாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளில் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் திரட்டப்படும் நிதி முன்னாள் படைவீரர் நலனுக்குச் செல்கிறது. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் ஏற்பட்டது. மருத்துவத்துக்கோ படைமருத்துவமனைகளையே நம்ப வேண்டியிருந்தது. பணியில் உள்ளோருக்குப் போக இடம் இருந்தால்தான் ஓய்வூதியருக்குப் படுக்கை. உத்திரமேரூர்க்காரர் ஒருவருக்குச் சென்னையில் உள்ள படைமருத்துவமனை சென்றுவர ஒரு நாள் கழிந்துவிடும்; நோயாளிக்குத் துணையாக வருபவரின் அன்றைய கூலியும் போகும். இச்செலவு எந்த அரசுக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இ.சி.எச்.எஸ்.

2002 டிசம்பரில் ஒப்புதல் பெற்று 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் (இ.சி.எச்.எஸ்.) இந்நிலையை மாற்றியது. ஓய்வூதியம் பெறுவோர் ஒருமுறை பணம் கட்டினால் வாழ்நாள் முழுதும் தமக்கும் சார்ந்தோருக்கும் மருத்துவம் உண்டு. 2017 டிசம்பர் இறுதியில் திருத்தியமைத்த வீதப்படி அவில்தார் வரையிலானோர் 30,000 ரூபாயும், நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000 ரூபாயும், அதிகாரிகள் 1,20,000 ரூபாயும் கட்டுகின்றனர். 1996 சனவரி 1-க்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்குக் கட்டணம் இல்லை. தொடக்கத்தில் நாடெங்கும் பாலிகிளினிக் எனப்படும் திட்ட மருத்துவ மையங்கள் 227-க்கு அனுமதி தரப்பட்டது; பின்னர் அவை நானூறைக் கடந்தன.

நடைமுறை இதுதான். கார்டை எடுத்துக்கொண்டு பாலிகிளினிக் போக வேண்டும். அங்குள்ள மருத்துவர் பார்த்து, தேவைப்பட்டால் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்கு ரெஃபரல் எழுதித் தருவார். அம்மருத்துவமனை மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டத்தின் கட்டண விகிதப்படி திட்டத்திடமிருந்து பணம் பெறும். நெஞ்சுவலி போன்ற அவசர நிலையில் எந்த மருத்துவமனையிலும் சேரலாம். திட்டத்தில் சேராத இடமானால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவிக்க வேண்டும். ரெஃபரல் சீட்டும் மாதாந்திர மாத்திரையும் முன்னாள் படைவீரர் வீடுகளில் அன்றாடப் பேச்சு. "மருந்து வந்துச்சா?" என்பது பாலிகிளினிக் வாசலில் ஒருவரையொருவர் கேட்கும் முதல் கேள்வி.

இத்திட்டத்தைப் பற்றிய விரிவான பொது ஆய்வு இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் 2015-ஆம் ஆண்டு 51-ஆம் எண் அறிக்கை. மருந்துத் தட்டுப்பாடு, மருத்துவர்களும் கருவிகளும் போதாமை, மருத்துவமனைகளுக்குக் கூடுதலாகச் சென்ற பணம், பில் தீர்ப்பதில் தாமதம் ஆகியவற்றை அது சுட்டியது. பில் தாமதத்தை வெறும் கணக்கு விவகாரமாக நினைக்கக் கூடாது. பணம் வராத மருத்துவமனை திட்டத்திலிருந்து விலகும். அடுத்த மருத்துவமனை ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருந்தால் கிராமத்து நோயாளி அறுவையைத் தள்ளிப்போடுவார். தணிக்கையில் பணத்தின் போக்கு நன்றாகத் தெரிகிறது. நோயாளி பிழைத்தாரா, நடந்தாரா என்பது அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

அமெரிக்க அனுபவம்

1985-இல் அமெரிக்கச் சட்டம் ஒன்று முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் அறுவைச் சாவு விகிதத்தைத் தேசிய விகிதத்துடன் ஒப்பிட்டுக் காட்டுமாறு கட்டளையிட்டது. நோயாளியின் வயதையும் நோயின் கடுமையையும் கணக்கில் சேர்க்காமல் அப்படி ஒப்பிட முடியாது என்பதால் 1991-இல் 44 மருத்துவமனைகளில் ஆய்வு தொடங்கியது. அறுவை மருத்துவர் சுக்ரி கூரி அதற்குத் தலைமை தாங்கினார். 1994 முதல் எல்லா அறுவை மையங்களுக்கும் அது விரிந்தது. ஏறக்குறைய பத்தாண்டில் அறுவைக்குப் பின் 30 நாள்களுக்குள் நேரும் சாவு 27 விழுக்காடு குறைந்ததாக அறிவித்தார்கள். அளந்ததுதான் குறைவுக்குக் காரணமா, நாட்டின் மருத்துவமே பொதுவாக மேம்பட்டதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பின்னர் தனியார் மருத்துவமனைகளும் அம்முறையை மேற்கொண்டன.

அண்மைக் காலம்

2019-இல் இரண்டாம் உலகப் போர் வீரர்கள் உள்ளிட்ட சில பிரிவினர் இ.சி.எச்.எஸ். திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இதனால் ஒரே முதியவருக்குப் பாலிகிளினிக்கில் ஒரு பதிவும் மாநில அரசிடம் இன்னொரு பதிவும் இருக்க வாய்ப்புண்டு.

இவ்விரு பதிவுகளையும், பெயரை நீக்கி, வட்டம் வாரியாகச் சேர்த்துப் பார்த்தாலே சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர் எத்தனை பேர், அறுவைக்குப் பின் மீண்டும் சேர்க்கப்பட்டவர் எத்தனை பேர் என்ற கணக்கு கிடைக்கும். புதிதாக யாரும் படிவம் நிரப்ப வேண்டியதில்லை. பாதுகாப்பு அமைச்சகமும் மாநில நல்வாழ்வுத் துறையும் இக்கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.