பிரேக்கர் மேல் எழுதிய எண்ணும் எழுத்தும்



"மோட்டார் போட்டவுடன் பிரேக்கர் விழுகிறது, கூடுதல் ஆம்பியரில் மாற்றிவிடலாமா சார்?" என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறீர்கள். பதில் வரலாற்றில் இருக்கிறது.

1879-லேயே எடிசன் தம் காப்புரிமை விண்ணப்பத்தில் சர்க்யூட் பிரேக்கரை விவரித்தார். ஆனால் அவருடைய விளக்குகளைக் காத்தது ஃபியூஸ்தான். உருகினால் புதிது போட வேண்டும்.

1924-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டோட்ஸின் நிறுவனம் காப்புரிமை பெற்ற சிறு பிரேக்கரில் இரண்டு காவலர்கள் ஒன்றாக அமர்ந்தார்கள். ஒருவர், சூட்டில் மெல்ல வளையும் ஈருலோகப் பட்டை. மற்றவர், ஷார்ட் சர்க்யூட் ஆனால் கண்ணிமைப்பதற்குள் துண்டிக்கும் மின்காந்தச் சுருள்.

50 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது சுமார் 70 ஆம்பியர் இழுக்கும். நேரடியாகக் கிளப்பினால் முதல் சில விநாடிகள் 400 வரை போகும். பட்டை இதைப் பொறுத்துக்கொள்ளும். சுருள் பொறுக்காமல் போகலாம்.

பிரேக்கரில் ஆம்பியர் எண் பட்டைக்கு உரியது. முன்னால் உள்ள எழுத்து சுருளுக்கு உரியது. 'சி' வகை 5 முதல் 10 மடங்குக்குள் விழும். 'டி' வகை 10 முதல் 20 மடங்குக்குள் விழும்.

ஆகவே, கிளப்பும்போது விழுந்தால் எழுத்தைப் பாருங்கள். ஓடும்போது விழுந்தால் மோட்டாரைப் பாருங்கள். கேபிள் தாங்காத அளவுக்கு எண்ணைக் கூட்டினால் பிரேக்கர் விழாது, கேபிள்தான் எரியும்.