கூம்புகள் கூறும் சான்று: மலையகத்துப் பைனஸ் காடுகள்

வரலாற்று மாணவர் ஏட்டையும் கல்வெட்டையும் சான்றாகக் கொள்ளுதல் மரபு. மரத்தின் காயையும் சான்றாகக் கொள்ளலாமா எனின், மலையகத்துப் பைனஸ் காடுகளைப் பொறுத்தவரை கொள்ளவே வேண்டும் என்பது என் துணிபு.

பைனஸ் இலங்கைக்குரிய மரமன்று. 1960களிலிருந்து 1980கள் வரை பற்றனைப் புல்வெளிகளிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் வனத் திணைக்களம் அதனைப் பெருமளவில் நட்டது. ஊற்றுகள் வற்றுகின்றன, தீ எளிதிற் பரவுகின்றது, நிழலில் வேறெதுவும் முளைப்பதில்லை என்ற முறைப்பாடுகள் தொடர்ந்தன. இவற்றை ஆராயப் புகுவோர் முதலில் எழுப்ப வேண்டிய வினா, எந்தப் பைனஸ் என்பதாகும். எல்லாவற்றையும் ஒரே பெயரால் வழங்கிவிட்டுப் பழி சுமத்துதலும் புகழ்தலும் ஆராய்ச்சியாகா.

நடப்பட்டவற்றுள் முதன்மையானது கரீபியப் பைனஸின் ஹொண்டூராஸ் வகை. நுவரெலியா போன்ற குளிர்ந்த உயரங்களில் மெக்சிக்கோ நாட்டுப் பற்றுலா நடப்பட்டது. பற்றுலாவின் கூம்புகள் காம்பின்றி, சற்றே வளைந்து, கொத்தாகக் கிளையோடு ஒட்டிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் மூடியே கிடக்கும். கரீபியப் பைனஸின் கூம்போ முதிர்ந்ததும் விரிந்து விதையுதிர்த்துப் பின் தானும் வீழும். அதன் செதில் தோறும் சிறு முள்ளொன்றுண்டு. இவ்வேறுபாடு எளிதெனத் தோன்றும். ஆயின் வீழ்ந்த கூம்பு மழையிலும் மூடுபனியிலும் நனைந்ததும் செதில்களை மூடிக்கொள்ளும். ஈரமான காலையிற் பொறுக்கிய கரீபியக் கூம்பைப் பற்றுலா என்று எழுதிவைத்து, அறையில் அது உலர்ந்து விரிந்த பின்னர் நாணியவன் யான்.

பெயர்களை மட்டும் நம்பவும் இயலாது. அமெரிக்கத் தென்பகுதிப் பைனஸுக்கு 1880இல் எங்கெல்மன் எலியொட்டி எனப் பெயரிட்டார். எனினும் பின்வந்தோர் பலர் அதனையும் கரீபியா என்றே வழங்கினர். லிற்றில், டோர்மன் ஆகிய இருவரும் 1950களில் அதனை மீண்டும் பிரித்தனர். கரீபியாவின் மூவகைகளைப் பறெற், கொல்பாரி என்போர் 1962இல் வரையறுத்தனர். எனவே அதற்கு முந்திய ஆவணத்திற் ‘கரீபியா’ எனக் காணப்படுவது வேறு மரமாகவும் இருத்தல் கூடும்.

கலப்பினங்கள் சிக்கலை மிகுவிக்கின்றன. குயின்ஸ்லாந்தில் எலியொட்டியும் ஹொண்டூராஸ் வகையும் மனிதரால் கலக்கப்பட்டன. ஹொண்டூராஸ் நாட்டிலோ கரீபியாவும் ஊகார்ப்பாவும் இயற்கையாகவே கலக்கின்றன. முட்டைக்காய் எனப் பொருள்படும் பெயரையுடைய ஊகார்ப்பாவின் கூம்பு உருண்டு, தடித்த காம்புடையது. கலப்பு மரத்திலோ இவ்விரு பெற்றோரின் இயல்புகளும் இடைநிலையில் நிற்கும். ஒரே மரத்தில்கூடக் கூம்புகள் அளவில் வேறுபடுமாதலின், பல மரங்களிலிருந்து பல கூம்புகளை எடுத்து, உலர்த்திய பின்னரே அளத்தல் வேண்டும். ஊசியிலைகளையும் எண்ணுதல் நன்று.

கூம்பு தேடிக் குனிவோர் அடியிற் பழைய தேயிலைத் தூர்கள் உளவா என்பதையும் நோக்குதல் வேண்டும். அம்மேடு முன்பு புல்வெளியோ, எவரேனும் கொழுந்தெடுத்த நிலமோ என்பதை அத்தூர்கள் காட்டும்.