மொய்ப்பணமும் மீண்டு வரும் ராக்கெட்டும்

வானை நோக்க அரசு பணம் தருவது நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. வத்தலக்குண்டிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் கொடைக்கானலில் 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் அதற்குச் சான்று. அங்கே செலவிட்டது அறிவாகத் திரும்பிற்று. ராக்கெட்டுகளுக்கு அரசுகள் தரும் பணம் என்னவாகத் திரும்புகிறது என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா.

ஐரோப்பாவிலிருந்து தொடங்குவோம், நம் ராக்கெட்டுகளின் வரலாற்றில் அதற்கொரு பங்குண்டு. 1974-இல் இஸ்ரோ பிரான்சின் எஸ்.இ.பி. நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. ஏரியான் ராக்கெட்டுக்கான வைக்கிங் எஞ்சின் அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. அதன் நுட்பத்துக்கு நாம் கொடுத்த விலை பணமன்று, உழைப்பு: நம் பொறியாளர்களின் 100 ஆள்-ஆண்டுப் பணி. நம்பி நாராயணன் தலைமையிலான குழு அங்கு கற்று வந்ததன் விளைவே விகாஸ் எஞ்சின். 1985-இல் அது பிரான்சின் வெர்னோனில் சோதிக்கப்பட்டது. பின்னர் நெல்லைச் சீமையின் மகேந்திரகிரி அதன் சோதனைக்களமாயிற்று. வைக்கிங் 2003-இல் ஏரியான்-4 உடன் ஓய்வுபெற்றது. விகாஸ் இன்றும் பறக்கிறது.

நிற்க. ஐரோப்பிய விண்வெளி முகமையில் ஒரு நாடு இடும் பங்குக்கு ஏறத்தாழ ஈடான ஒப்பந்தங்கள் அந்நாட்டுத் தொழிற்கூடங்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். நம் மொய் முறையை ஒத்தது இது. வைத்த மொய் திரும்பிவிடும். விருந்துச் செலவு மட்டும் குறையாது.

ஏரியான்-6 கட்டுவதென 2014 டிசம்பரில் முடிவாயிற்று. ஒருமுறை பறந்து அழியும் கலனாகவே அது வகுக்கப்பட்டது. மறு ஆண்டே அமெரிக்காவின் ஃபால்கன்-9 தரையிறங்கிற்று. 2017-இல் அதே வகைக் கலன் மீண்டும் பறந்தது. 2018-இல் ஏரியான் நிறுவனத் தலைவர் அலான் ஷார்மோ தம் தரப்பை ஒளிக்காமல் சொன்னார்: உறுதியான ஏவல்கள் ஆண்டுக்குப் பத்தே என்றால், பத்துமுறை பறக்கும் ராக்கெட் ஆண்டுக்கு ஒன்று போதும், பிறகு தொழிலாளர்களுக்கு வேலை ஏது? ஏரியான்-6 2024 ஜூலையில்தான் முதன்முறை பறந்தது. அதற்கு முன்பே, 2023 நவம்பரில், ஆண்டுக்கு 34 கோடி யூரோ வரை மானியம் தர உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டுவிட்டன.

ஷார்மோவின் கணக்கை எள்ளி நகையாட இயலாது. கலன் மீண்டு வர எரிபொருளை மிச்சம் பிடிக்க வேண்டும். இறங்கும் கால்களையும் சுமக்க வேண்டும். அந்த அளவுக்குச் சரக்கு குறையும். அடிக்கடி பறந்தால்தான் இந்த இழப்பு ஈடாகும். ஃபால்கனுக்கு அமெரிக்க அரசின் ஒப்பந்தங்கள் இருந்தன; பிறகு அதே நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஆயிரக்கணக்கில் வந்து நிரப்பின.

இங்குதான் நாம் அஞ்ச வேண்டியிருக்கிறது. 2023-24-இல் கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் இறக்கைக் கலனை மும்முறை தரையிறக்கிக் காட்டியது இஸ்ரோ. முதற்கட்டத்தை மீட்டெடுக்கும் புதிய ராக்கெட்டுக்கு மத்திய அரசு 2024 செப்டம்பரில் 8,240 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு அவ்வாண்டு பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் இஸ்ரோவின் ஆண்டு ஏவல்கள் இதுவரை ஒற்றை இலக்கத்தைத் தாண்டியதில்லை. ஐரோப்பாவைத் தடுத்த கணக்கு நமக்கும் அப்படியே பொருந்துகிறது.

ஆகவே ராக்கெட்டுக்குப் பணம் ஒதுக்கும் அரசு, அது சுமக்கப்போகும் சரக்குக்கும் இன்றே வழிசெய்ய வேண்டும். உழைப்பை விலையாகக் கொடுத்து எஞ்சின் பெற்றவர்கள் நாம். மீளும் கலனையும் நம் பொறியாளர்கள் கட்டிவிடுவார்கள் என்பதில் ஐயமில்லை. ஆண்டுக்கு இருபது முறை அதில் எதை ஏற்றி அனுப்பப்போகிறோம்?