எந்தப் பேட்டை நல்ல பேட்டை? - சென்னைக் குடியேற்ற வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

புதிதாக ஓர் ஊருக்குக் குடிபோகிறவர் முன்கூட்டியே அவ்வூரைச் சுற்றிப் பார்த்து வருவது தமிழிலக்கியத்துக்குப் புதிய செய்தியன்று. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் செய்வது அதைத்தான். கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டுத் தனியே மதுரைக்குள் நுழைகிறான். கணிகையர் வீதி, மணிக்கடை, பொற்கடை, அறுவைக்கடை, கூலக்கடை எனத் தெருத்தெருவாகப் பார்த்து மகிழ்ந்து புறஞ்சேரிக்குத் திரும்புகிறான். துறவியர் தங்கும் அச்சோலை இல்லறத்தாருக்கு உரிய இடமன்று, பொழுது சாயுமுன் நகருக்குள் போய்விட வேண்டும் என்று அடுத்த காதையில் மாடல மறையோனும் கவுந்தியடிகளும் அறிவுறுத்துகிறார்கள். மாதரியின் இல்லம் அடைக்கலமாகக் கிடைக்கிறது. காவற்காட்டையும் அகழியையும் மதிற்பொறிகளையும் கடந்து கண்ணகி அவ்வில்லம் சேர்கிறாள். ஆனால் கோவலனுக்கு நேர்ந்த கேடு மதிலுக்கு வெளியிலிருந்து வரவில்லை. முதல்நாள் அவன் வியந்து பார்த்த நகருக்குள்ளிருந்தே வந்தது.

இன்று சென்னைக்குக் குடிவர எண்ணும் ஒருவரும் கோவலனைப்போலவே பேட்டை பேட்டையாகச் சுற்றுகிறார். தண்ணீர் உப்பா, நல்லதா? பள்ளிக்கூடம் எவ்வளவு தொலைவு? மின்தொடர்வண்டி நிலையம் அருகிலுள்ளதா? இரவு ஒன்பது மணிக்குமேல் பெண்கள் தனியே நடந்து வரலாமா? வாடகை என்ன, முன்பணம் எத்தனை மாதம்? மயிலாப்பூர், மாம்பலம், அண்ணாநகர், வேளச்சேரி, தாம்பரம் என்று பெயர்களை வரிசையாக எழுதி எதிரே நிறைகுறைகளைக் குறித்துக்கொள்கிறார். இப்பட்டியலுக்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு வரலாறு உண்டு. அதனை நிரல்படப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். இந்நகரத்தார் ஒவ்வொரு தலைமுறையிலும் தமக்கு முன்னர் நேர்ந்த ஆபத்தை மனத்தில் கொண்டே பாதுகாப்பான இடத்தைத் தேடியிருக்கிறார்கள். அடுத்த ஆபத்தோ வேறு திசையிலிருந்து வந்திருக்கிறது.

மதிலும் காவலும்

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இக்கடற்கரை மணல் கிடைத்தது. அடுத்த ஆண்டே கோட்டை எழத் தொடங்கியது. கோட்டையை ஒட்டி வெள்ளையர் நகரும், அதற்கு வடக்கே கறுப்பர் நகரும் அமைந்தன. யார் எங்கே குடியிருப்பது என்பது அன்று தனிமனிதர் தேர்வாக இருக்கவில்லை. நிறமும் சாதியும் தொழிலுமே அதனை முடிவு செய்தன. வலங்கை, இடங்கைப் பூசல் 1707இல் தெருக்கலகமாக வெடித்தபோது, வலங்கையர்க்குப் பெத்தநாயக்கன்பேட்டை என்றும் இடங்கையர்க்கு முத்தியாலுப்பேட்டை என்றும் பகுதிகளைப் பிரித்தே அமைதி தேடினர். 1734இல் நெசவாளர்க்கென்று ஓர் ஊர் உண்டாக்கப்பட்டது. சின்னத்தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர். தன்னைப் போன்றவர் சூழ வாழ்வதே பாதுகாப்பு என்பது அக்காலத்து இலக்கணம்.

இங்கே பெத்தநாயக்கன் என்ற பெயரைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அது கறுப்பர் நகரின் தலைமைக் காவற்காரருக்குரிய பெயர். பரம்பரையாக வந்த அப்பதவிக்குரியவர் தம் ஆட்களைக்கொண்டு இரவுக்காவல் செய்தார். அதற்கு ஈடாகச் சில வரிகளும் நிலமும் பெற்றார். களவுபோன பொருளைக் கண்டுபிடித்துத் தர இயலாவிட்டால் அதன் மதிப்பை அவரே ஈடுசெய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. பாதுகாப்பு என்ற சொல் இந்நகரில் அவ்வளவு திட்டவட்டமான பொருளோடு வேறெப்போதும் வழங்கியிருக்குமா என்பது ஐயமே.

ஆனால் திருடனைத் தடுக்கும் காவலால் பீரங்கியைத் தடுக்க இயலாது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். மூன்றாண்டுக்குப்பின் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், கோட்டையை ஒட்டி வீடுகள் இருப்பது பகைவனுக்கு மறைவிடம் தருவதே என்று கற்றுக்கொண்டனர். பழைய கறுப்பர் நகரம் அகற்றப்பட்டுத் திறந்தவெளி ஆக்கப்பட்டது. இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் நிலம் அதுவே. மக்கள் மேலும் வடக்கே நகர்ந்து குடியேறிய புதிய நகரமே பின்னாளில் ஜார்ஜ் டவுன் எனப் பெயர் பெற்றது. வெளியின் எல்லையைக் குறித்து 1773இல் நட்ட தூண்களுள் ஒன்று பாரிமுனையில் இன்றும் உள்ளது. கோட்டையின் பாதுகாப்புக்காக ஒரு நகரமே வீடிழந்தது என்பதன் சாட்சி அது.

1760களின் இறுதியில் ஐதர் அலியின் குதிரைப்படை பரங்கிமலை வரை வந்தது. அவ்வச்சத்தில் புதிய கறுப்பர் நகரைச் சுற்றி மதில் எழுப்பினர். அம்மதிலுக்கென எண்ணிய வரியின் பெயரே இன்றைய வால்டாக்ஸ் சாலை. அம்மதிலை எந்தப் படையும் முற்றுகையிட்டதில்லை. எஞ்சிய ஒரு துண்டின்மேல் இராயபுரம் பக்கம் மாடிப்பூங்கா அமைந்தது.

தோட்ட வீடுகளும் எம்டனும்

மைசூர்ப் படையைப் பற்றிய அச்சம் தணியத் தணிய, செல்வர்க்கு மதிலுக்குள் வாழ்வதே நெருக்கடியாகத் தோன்றிற்று. மவுண்ட்ரோடின் இருமருங்கும் நுங்கம்பாக்கம், எழும்பூர், சேத்துப்பட்டு, அடையாறு எனத் தோட்ட வீடுகள் பரவின. காற்றும் நிழலும் தனிமையும் புதிய அளவுகோல்களாயின. நோய் நெருக்கத்தில் பிறக்கிறது என்ற எண்ணம் வலுப்பெற்றதும் இக்காலத்தேதான். வசதியுள்ளவர் தெற்கேயும் மேற்கேயும் விலக, துறைமுகத்தின் உழைப்பும் நெரிசலும் வடசென்னையில் தங்கிவிட்டன. இன்றும் பேட்டைகளை ஒப்பிடுவோர் வடசென்னைப் பெயர்களை எழுதுமுன்பே அடித்துவிடுவதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்தது. சுட்டது சிறிது நேரமே. எனினும் அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் நகரைவிட்டு ஓடினர். மூவேந்தர் காலத்திலிருந்து கேட்டறியாத ஒரு சொல்லை, அஞ்சத்தக்க சூரனைக் குறிக்கும் சொல்லாகத் தமிழ் அந்த இரவில்தான் பெற்றது.

1942 ஏப்ரலில் கொழும்பின்மீதும் விசாகப்பட்டினத்தின்மீதும் ஜப்பானியர் குண்டு வீசியபின், அரசே நகரை நீங்குமாறு மக்களுக்கு அறிவித்தது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போயிற்று. விலங்குக்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகள் சுடப்பட்டன. வீட்டைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுத் தஞ்சைக்கும் திருநெல்வேலிக்கும் போனவர்கள் கதை பல குடும்பங்களில் இன்றும் பேசப்படுகிறது. எதிர்பார்த்த தாக்குதல் அவ்வாண்டு நிகழவில்லை. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் ஒன்று வந்து சில குண்டுகளைப் போட்டுச் சென்றது. அதே அக்டோபரில் பெருமழை கொட்டிக் கூவமும் அடையாறும் கரைபுரண்டன. நகரத்தார் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பேரிழப்பைத் தந்தது காலடியில் ஓடிய ஆறுதான்.

ஏரிமேல் எழுந்த நகர்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து வரைபடங்களில், நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை நோக்கி நீண்டு கிடக்கும் ஒரு பெரிய ஏரியைக் காணலாம். நீண்ட ஏரி என்றே அதனைக் குறித்தனர். 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்துக்குப் பின்னர் அவ்வேரியை வடித்து நடுத்தர வகுப்பார்க்கென ஒரு குடியிருப்பைத் திட்டமிட்டார்கள். நீதிக்கட்சித் தலைவர் தியாகராயரின் பெயரால் தியாகராய நகரும், முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயரால் நடுப்பூங்காவும் அமைந்தன. அகன்ற வீதிகள், வீட்டைச் சுற்றிக் காலியிடம், அருகில் மாம்பலம் இரயில் நிலையம் என அன்றைய குடியேறி விரும்பிய அனைத்தும் அங்கே இருந்தன. இன்று ரங்கநாதன் தெருவில் நடக்கும் ஒருவருக்கு, அமைதியை நாடி மக்கள் இங்கு வந்தார்கள் என்பது நம்புதற்கரிய செய்தி.

ஏரி போயிற்று, பெயர்கள் போகவில்லை. நுங்கம்பாக்கத்தில் ஏரிப்பகுதி என்றே வழங்கும் தெருக்கள் உள்ளன. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருக்கிறது, பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. மழை மட்டும் பழைய வரைபடத்தை மறப்பதில்லை. 2015 டிசம்பரில் மேற்கு மாம்பலமும், 2021 நவம்பரில் தியாகராய நகர் வீதிகளும் நீரில் நின்றதை நாம் பார்த்தோம்.

விடுதலைக்குப் பின்னும் இதே முறை தொடர்ந்தது. 1968இல் உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்த நிலப்பரப்பில் வீட்டுவசதி வாரியம் எழுப்பிய அண்ணாநகர் திட்டமிட்ட நகரமைப்பின் நற்சான்றாயிற்று. அது பெரிதும் தன் பெயரைக் காத்துக்கொண்டது. 2000த்தில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின் பழைய மாமல்லபுரம் சாலை கணினி நிறுவனங்களின் வழியாயிற்று. 2007இல் பறக்கும் இரயில் வேளச்சேரியை எட்டியது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பில் அடுக்ககங்கள் நெருங்கின. அங்கு வீடு வாங்கியவர் பட்டியலில் இரயிலும் அலுவலகமும் காவலாளி நிற்கும் வாயிலும் இருந்தன. மழைநீர் வடியும் திசை இருந்ததா? 2015இலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் அக்காவலாளி முதல்மாடிக்கு ஏறி நின்றார்.

ஊர்ப்பெயர் கற்பிப்பது

தமிழ் பயிற்றுவோர் என்ற முறையில் நாம் வகுப்பில் அடிக்கடி சொல்வது ஒன்றுண்டு. ஊர்ப்பெயர் என்பது முன்னோர் எழுதிவைத்த நிலக்குறிப்பு. தாங்கல் என்பது மழைநீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரி. ஈக்காட்டுத்தாங்கலும் பழவந்தாங்கலும் தம் இயல்பைப் பெயரிலேயே அறிவித்துவிடுகின்றன. ஓட்டேரி ஏரியை ஒளிக்கவில்லை. திருவல்லிக்கேணி அல்லி பூத்த கேணியின் நினைவு. மந்தைவெளி மாடு மேய்ந்த வெளி. பெரியமேட்டில் மேடும் உண்டு. ஐந்திணை வகுத்த மரபுக்கு நிலத்தின் இயல்பை முதலில் கேட்டறிவது இயற்கையாக இருந்தது. இப்பெயர்களை நீக்கிவிட்டு அவற்றின்மேல் ஏதேனும் ஒரு நகரென்றோ அவென்யூ என்றோ எழுதும்போது, அழிவது அழகுணர்ச்சி மட்டுமன்று, எச்சரிக்கையும்தான். வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் ஒரு புல எண்ணைத் தேடிப் பார்த்தால், அங்கே ஏரி என்றோ வாய்க்கால் என்றோ எழுதியிருப்பதை இன்றும் படிக்கலாம்.

தேர்வுக்கு வெளியே நின்றவர்

இதுவரை நாம் பேசியது தேர்ந்தெடுக்கும் வாய்ப்புடையோரைப் பற்றி. அவ்வாய்ப்பு எல்லார்க்கும் ஒருபடித்தாக இருந்ததில்லை. குடும்பமில்லாத இளைஞருக்கு வீடு தர மறுத்த நகரில், தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்களைத் திருவல்லிக்கேணியின் மேன்ஷன் அறைகளே ஏற்றன. 1707இன் பேட்டைப் பிரிவினை மறைந்துவிட்டதாகவும் சொல்ல இயலாது. 'சைவ உணவினர்க்கு மட்டும்' என்னும் வாடகைப் பலகையில் அது மென்மையான எழுத்தில் தொங்குகிறது. எம் நண்பர் ஒருவர், நல்ல வேலையில் உள்ளவர், தம் பெயரைச் சொன்னவுடன் வீடு வேறொருவருக்குப் பேசியாகிவிட்டது என்ற விடையை ஒரே மாதத்தில் ஐந்து இடங்களில் பெற்றார். பாதுகாப்பான தெரு என்பதற்கு, தம்மவர் மட்டும் வாழும் தெரு என்று பொருள் கொள்ளும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை.

வேறு சிலர் குடியேறவில்லை, குடியேற்றப்பட்டனர். 1970இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியபோது, மக்கள் வாழ்ந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவது அதன் முதன்மையான போக்காக இருந்தது. 2000த்தை ஒட்டி அப்போக்கு மாறிற்று. ஆற்றோரத்திலும் நகர நடுவிலும் இருந்தவர்கள் ஒக்கியம் துரைப்பாக்கத்திலும், 2004 ஆழிப்பேரலைக்குப்பின் செம்மஞ்சேரியிலும், அதன்பின் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டனர். வெள்ள ஆபத்திலிருந்து காப்பதற்காக என்று சொல்லி அவர்களைக் கொண்டுசேர்த்த இடமும் சதுப்பு நிலத்தின் அண்டையே. செம்மஞ்சேரி மழைதோறும் நீரில் நிற்கிறது. வீட்டுவேலை செய்த பெண்கள் வேலையிழந்தனர், பிள்ளைகள் பள்ளியிழந்தனர். முகவரியைக் கேட்டதும் வேலை மறுக்கப்படுவதாக அங்குள்ள இளைஞர் பல்லாண்டாகச் சொல்லிவருகின்றனர். ஒக்கியம் துரைப்பாக்கத்துக் குடியிருப்புக்கு வைத்த பெயர் கண்ணகி நகர். அடைக்கலம் தேடி வந்த ஊரில் நீதி கிடைக்காத ஒருத்தியின் பெயரை, எவ்வளவு தெரிந்து வைத்தார்களோ நாம் அறியோம்.

ஆகவே பேட்டைகளை ஒப்பிடுவோர் தம் பட்டியலில் மூன்று வினாக்களைச் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். இவ்விடம் வீடாகுமுன் என்னவாக இருந்தது? இங்கே பெய்யும் மழை எங்கே போகும்? நமக்கு இடம் உண்டாக்க யார் எங்கே அனுப்பப்பட்டார்கள்? முதலிரண்டும் நம் வீட்டுக்கு உதவும். மூன்றாவதற்கு விடை தெரிந்தபின் வாடகை குறையப்போவதில்லை. ஆயினும் அவ்வினா கேட்கப்படாத வரையில், பாதுகாப்பு என்பது ஒருவர் வாசலிலிருந்து இன்னொருவர் வாசலுக்குத் தள்ளிவிடப்படும் வெள்ளமாகவே இருக்கும்.