கொம்யூன் கணக்கு

வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் சாலையில் இருக்கிறது கரிக்கலாம்பாக்கம். பேருந்தும் டெம்போவும் ஆள் மாற்றிக்கொள்ளும் சந்திப்பு. இங்கே ஒரு தெருவிளக்கு எரியவில்லை, ஒரு வாய்க்கால் அடைத்துக்கொண்டது என்றால் யாரிடம் போய்க் கேட்பது? சமுதாய நலவழி மையம் நலவழித்துறையின் பொறுப்பு. பெரிய சாலை பொதுப்பணித்துறையுடையது. விளக்கு, குப்பை, சாக்கடை, சுடுகாட்டுப் பாதை எல்லாம், பல கிராமங்களுக்குச் சேர்த்து அமைந்த நெட்டப்பாக்கம் கொம்யூன் பஞ்சாயத்தின் கணக்கில் வரும். ஆனால் கொம்யூனில் ஆணையர் இருக்கிறார், எழுத்தர் இருக்கிறார், ஊர் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் ஒருவரும் இல்லை. எனவே ஜனங்கள் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போகிறார்கள்.

போவதில் காரணம் இருக்கிறது. புதுச்சேரிக் கிராமங்களில் நிழற்குடையோ சமுதாயக்கூடமோ சிறுவர் பூங்காவோ எதுவானாலும் திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர்கள் வரிசையாக இருக்கும்: முதலமைச்சர், அமைச்சர், சட்டமன்ற உறுப்பினர், துறைச் செயலர். வார்டு உறுப்பினரின் பெயருக்கு அந்தக் கல்லில் வேலை இல்லை. அப்படி ஒருவர் இருந்தால்தானே.

இந்த மண்ணில் பொதுக்காரியத்துக்குச் செலவு செய்வதும் அதை எழுதி வைப்பதும் புதிதல்ல. பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டுச் செப்பேடு பாகூரில்தான் கிடைத்தது. பாகூரில் நடந்த வித்தியாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களின் வருவாயை விட்டுக்கொடுத்ததை அது சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் எந்த ஊரின் வருமானம் எந்தக் காரியத்துக்கு என்று செம்பில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சற்றே வடக்கே உத்திரமேரூரில், 919, 921ஆம் ஆண்டுகளின் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் இன்னும் கறாரானவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி குடவோலையில் நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் முடியாது. அந்த வாரியங்களில் ஏரிக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. அன்றைய சபை எல்லாச் சாதியாரும் உட்கார்ந்த சபை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நவீன காலத்து நிர்வாகம் பிரெஞ்சுக்காரர் வழியாக வந்தது. 1880 மார்ச் 12 ஆணை பிரெஞ்சிந்தியாவைப் பத்துக் கொம்யூன்களாகப் பிரித்தது. புதுச்சேரிப் பகுதியில் நான்கு: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். 1907இல் மொத்த எண்ணிக்கை 17 ஆனது. அரியாங்குப்பம், முதலியார்பேட்டை, திருபுவனை, நெட்டப்பாக்கம் ஆகியவை தனிக் கொம்யூன்களாகி, புதுச்சேரிப் பகுதியில் மட்டும் எட்டு ஆயின. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபை, அந்தச் சபை தேர்ந்தெடுத்த மேயர். தாம்பரமோ ஆவடியோ மாநகராட்சியாகி மேயரைப் பார்ப்பதற்கு நூறாண்டுக்கு முன்பே, நெல் வயலுக்கு நடுவே இருந்த நெட்டப்பாக்கத்துக்கு ஒரு மேயர் இருந்தார். பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகள் அவர் அலுவலகத்தில்தான். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு ஆதாரம் தேடுகிற குடும்பங்கள் இன்றும் பழைய பதிவைக் கேட்டுக் கொம்யூன் வாசலில் நிற்கின்றன.

அந்த மேயர்களைப் பொற்காலத்து மனிதர்களாக வரைந்துவிடக் கூடாது. வாக்காளர்களை ஐரோப்பியர், மரபுச் சட்ட உரிமையைத் துறந்த இந்தியர், துறக்காதவர் என்று பட்டியல் பட்டியலாகப் பிரித்த தேர்தல் அது. துறந்தவர் தரப்பில் பொன்னுத்தம்பிப் பிள்ளை லபோர்த் ஒருபுறம், துறக்காதவர் தரப்பில் சண்முக வேலாயுத முதலியார் இன்னொருபுறம் என்று பிறந்த கட்சிச் சண்டை, பின்னால் அடிதடியாகவும் கள்ள ஓட்டாகவும் வளர்ந்தது. புதுச்சேரித் தேர்தல் என்றாலே தடியும் சாராயமும் என்று அண்டை ஜில்லாக்காரர்கள் பேசினார்கள். கொம்யூன் பணம் எங்கே போனது என்று கேட்பவர் கையில் வலு இருந்தால்தான் கேட்க முடியும். ஆனாலும் கேட்பதற்கு ஊருக்குள் ஒரு வாசல் இருந்தது. திட்டுவதற்கு ஒரு பெயர் இருந்தது.

ஏரிக் கணக்கு தனி. பிரெஞ்சு ஆட்சியில் பாசன ஏரிகளைக் கவனிக்க விவசாயிகளின் ‘சிந்திக்கா அக்ரிகோல்’ என்ற சங்கமும், ‘கேஸ் கொம்யூன்’ என்ற பொது நிதிக் குழுவும் இருந்தன. ஏரி மீன், கரை மரம், ஆயக்கட்டுக்காரர் கட்டும் பங்கு என்று வருகிற பணம் வாய்க்கால் வெட்டுக்கும் மதகுப் பழுதுக்கும் போகும். தண்ணீர் வரவில்லையென்றால் எந்தக் கணக்கில் ஓட்டை என்பது வயலிலேயே தெரிந்துவிடும். பூங்காக் கணக்கில் அந்த வசதி கிடையாது; ஊஞ்சல் உடைந்தால் நெல் காய்வதில்லை. பிற்பாடு பாசனம் பொதுப்பணித்துறைக்குப் போய், ஆழ்துளைக் கிணறுகள் பெருகி, அந்தச் சங்கங்கள் மெலிந்தன. 1990களின் கடைசியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதுச்சேரியின் 84 ஏரிகளைச் சீரமைக்கக் கிளம்பியவர்கள், ஊர் ஊராக ஏரிச் சங்கங்களை மறுபடி கட்ட வேண்டியிருந்தது.

கொம்யூன்களின் பெரிய நாள் 1954இல் வந்தது. மார்ச் 18 அன்று புதுச்சேரிப் பகுதியின் மேயர்கள், பொதுவாக்கெடுப்பு வேண்டாம், இந்தியாவோடு இணைத்துவிடுங்கள் என்று தீர்மானம் போட்டார்கள். மார்ச் 31 அன்று பிரெஞ்சிந்திய அரசியல் தலைவர் எதுவார் குபேர் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியை ஏற்றி, அங்கேயே தற்காலிக அரசை அமைத்தார். நான்கு பக்கமும் இந்திய எல்லை சூழ்ந்த திட்டு என்பதால் பிரெஞ்சுப் போலீஸ் எளிதாக உள்ளே வர முடியாத இடம் அது. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு. பிரதிநிதி சபை, நகரசபை உறுப்பினர்கள் என 178 பேர் வாக்களிக்க, 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, எதிராக 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கை மாறியது.

ஒரு நிலப்பரப்பு எந்த நாட்டோடு சேர வேண்டும் என்று முடிவு செய்யத் தகுதி பெற்றிருந்தவர்கள் கிராமத்துக் கவுன்சிலர்கள். அடுத்து வந்த எழுபது ஆண்டுகளில் தெருக்குழாய் எங்கே போடுவது என்று முடிவு செய்ய அவர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே பெரும்பாலும் வரவில்லை. இதைவிடக் கசப்பான வேடிக்கை புதுச்சேரி வரலாற்றில் வேறு இருப்பதாகத் தோன்றவில்லை.

பழைய முறைப்படி கடைசித் தேர்தல் 1968இல் நடந்தது. நகராட்சிகளுக்கு ஒன்று, கிராம, கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு ஒன்று என 1973இல் இரு சட்டங்கள் இயற்றப்பட்டு, 1974 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தன. மேயர் பதவி போய், தலைவர், உறுப்பினர் என்ற ஏற்பாடு காகிதத்தில் வந்தது. தேர்தல் வரவில்லை; தனி அதிகாரிகள் வந்தார்கள். அரசியல் சட்டத்தின் 73, 74ஆம் திருத்தங்கள் ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தலைக் கட்டாயமாக்கிய பிறகும் வழக்குகள் ஓடின. நீதிமன்றம் பிடித்துத் தள்ளி, 2006இல் 5 நகராட்சி, 10 கொம்யூன் பஞ்சாயத்து, 98 கிராமப் பஞ்சாயத்துகளுக்குத் தேர்தல் நடந்தது. முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளி. அந்த உறுப்பினர்களின் காலம் 2011இல் முடிந்தது.

மறுபடி தனி அதிகாரிகள். 2021 செப்டம்பரில் மாநிலத் தேர்தல் ஆணையம் அக்டோபர் 21, 25, 28 என்று மூன்று கட்டத் தேதியே அறிவித்துவிட்டது. வார்டு ஒதுக்கீட்டில் குளறுபடி என்று வழக்கு, சென்னை உயர் நீதிமன்றம், அறிவிப்பு வாபஸ், புதுத் தேதி, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு போய்விட்டதென்று போராட்டம், மறுபடி வழக்கு. தேர்தல் நின்றது. ஒதுக்கீட்டை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சசிதரன் தலைமையில் ஆணையம் அமைந்தது. அந்த வாக்குப்பெட்டி இன்னும் திறக்கவில்லை.

முப்பது தொகுதிகள் கொண்ட சின்னப் பிரதேசத்தில் ஒரு எம்.எல்.ஏ. ஆளும் வட்டம் தமிழ்நாட்டுத் தொகுதியில் ஒரு மூலை அளவுதான். கவுன்சிலர் வந்தால் இவருடைய வேலையில் பாதி போய்விடும் என்ற பேச்சு டீக்கடைகளில் வெகு காலமாக உண்டு. எந்தக் கட்சி ஆண்டாலும் தேர்தல் தள்ளிப்போனதைப் பார்த்தால் அந்தப் பேச்சைத் தள்ளிவிட முடியவில்லை.

நகரத்துக் காட்சி ஒன்று போதும். கடற்கரைச் சாலையில் 1870களின் தொடக்கத்தில் கட்டிய மேரி கட்டடம், நகராட்சியின் பழைய இருப்பிடம், 2014 நவம்பர் 29 மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி உதவியில் சுமார் 15 கோடி ரூபாய் செலவில் அதே தோற்றத்தில் கட்டி, 2021 பிப்ரவரியில் பிரதமர் திறந்து வைத்தார். தூண், வளைவு, சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் அச்சு அசல். உள்ளே உட்கார நகரசபை மட்டும் இல்லை.

கிராமத்தில் கணக்கு வேறு விதமாக ஓடுகிறது. சந்தை அடிக்காசு வசூல் ஆண்டுதோறும் ஏலம் போகிறது. வீட்டுவரி, தொழில் உரிமக் கட்டணம் கொம்யூனுக்கு வருகிறது. மீதி அரசின் மானியம். யூனியன் பிரதேசம் என்பதால் மத்திய நிதிக்குழு மாநில உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தரும் பங்கு இங்கே எட்டுவதில்லை. செலவுக்குத் தணிக்கை உண்டு; ரசீது, ஒப்பந்தப்புள்ளி, கையெழுத்து எல்லாம் கோப்பில் இருக்கும். கோப்பை ஊர்க் கூட்டத்தில் விரித்து வைத்து, ‘இந்த மின்விளக்கு எந்தத் தெருவில் எரிகிறது?’ என்று ஒரு கிழவி கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யாரும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். முப்பது நாளில் காகிதம் வரும்.

எல்லைக்கு அந்தப் பக்கம், கடலூர் மாவட்டத்து ஊர்களில், குடியரசு நாளிலும் மே தினத்திலும் சுதந்திர நாளிலும் காந்தி ஜெயந்தியிலும் கிராமசபை கூடுகிறது. வரவு செலவை வாசிக்கிறார்கள், சத்தம் போடுகிறார்கள், சில சமயம் நாற்காலியும் பறக்கிறது. கரிக்கலாம்பாக்கத்துப் பெண்களை அந்த ஊர்களில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், அங்கிருந்தும் இங்கே மருமகள்கள் வந்திருக்கிறார்கள். தாய்வீட்டில் பஞ்சாயத்துத் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டுப் பழகியவர்கள் இங்கே வந்து அந்த ஓட்டைத் தேடுகிறார்கள். தமிழ்நாடும் ஒழுங்காக நடத்திவிட்டது என்று சொல்வதற்கில்லை. 2016இல் நடந்திருக்க வேண்டிய தேர்தல் அங்கே 2019 டிசம்பரில்தான் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் அந்த ஊர்களையும் தனி அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள்.